நோயாளி நல ஆலோசகர் வேலைக்கு வருகிறார்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தபோது கிடைத்தது. என் வாய்க்குள் ஓர் உறிஞ்சு குழாயும், ஒரு குட்டிக் கண்ணாடியும், டாக்டரின் இரண்டு விரல்களும் இருந்தன. ஆள் ஓட முடியாது, பேசவும் முடியாது என்பதை உறுதி செய்துகொண்டு, அவர் வருமான வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அவர் ஒரு வருடத்தில் கட்டுகிற வரியை என்னைப் போன்ற ஆட்கள் ஆயுள் முழுக்கக் கட்டினாலும் கட்டி முடிக்க முடியாதாம். அதற்காக அவருக்கென்று யாரும் தனி ரோடு போட்டுக் கொடுக்கவில்லை. அவர் வீட்டுக் குழாயிலும் எல்லோருக்கும் வருகிற அதே தண்ணீர்தான், அதே நேரத்துக்குத்தான் வருகிறது. தலை நரைக்கிற வரைக்கும் படித்து, பத்துப் பதினைந்து பேருக்கு வேலை கொடுத்து, மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்கிற வாய்களுக்குள் கையை விட்டுச் சம்பாதித்தால், மூன்றில் ஒரு பங்கை எடுத்து வை என்கிறார்கள். "நியாயமா சார் இது?" என்று கேட்டார். நான் "ஆ" என்றேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில். குழாயை வெளியே எடுத்த கையோடு பில்லைக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்த அதிர்ச்சியில் பதில் மறந்துபோய்விட்டது. வீட்டுக்கு வந்து, மரத்துப்போன கன்னத்தோடு இதை எழுத உட்கார்ந்தேன். ஆகவே இது பழிவாங்கும் கதை. குறைந்தபட்சம் அப்படித்தான் தொடங்கியது.

2

முதல் தொடக்கம்: "அந்தப் பல் மருத்துவமனையின் சொந்தக்காரருக்குப் பெரிய தொப்பை இருந்தது. பத்து விரல்களிலும் மோதிரம்—"

(அடித்துவிட்டேன். பல் டாக்டர் மோதிரம் போட்டுக்கொண்டு எப்படி வேலை செய்வார்? தொப்பையைப் பொறுத்தவரை, எனக்கும்தான் இருக்கிறது. வருமானம்தான் இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: "வரி என்பது ஒரு சமூகம் தனக்குத் தானே கொடுத்துக்கொள்கிற வாக்குறுதி. அந்த வாக்குறுதியின் அடிப்படையில்—"

(கொட்டாவி வந்தது. எழுதிய எனக்கே.)

மூன்றாவது தொடக்கம்: "டாக்டரின் மாமியார் பஸ் பாஸைப் புதுப்பிக்கப் போனார்."

இது நின்றது. எனக்கு அந்த அம்மாளை அதற்கு முன் தெரியாது. அடுத்த வாக்கியத்தை எழுதினால்தான் யாரென்று தெரியும் போலிருந்தது, அதனால் எழுதினேன்.*

* இனி 'டாக்டர்' என்றால் கதைக்குள் இருக்கிற டாக்டர். என் பல்லைப் பார்த்தவரை 'நிஜ டாக்டர்' என்று சொல்கிறேன். இருவரையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் குழப்பிக்கொள்வேன், அது வேறு விஷயம்.

3

மாமியார் மின்வாரியத்தில் பில் கட்டும் கவுண்டரில் ஆயுசு முழுக்க உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். பென்ஷன் வந்தது. மூத்தவர்களுக்கு, வருமானம் குறைவாக இருந்தால் மட்டும் கொடுக்கிற சலுகை பஸ் பாஸ் ஒன்றும் இருந்தது. அந்தப் பாஸை வைத்துக்கொண்டு ஊரில் ஒரு மூலை பாக்கியில்லாமல் சுற்றிவந்தார்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வருடம் புதுப்பிக்கப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, அதையே அவர் பக்கமும் திருப்பிக் காட்டினாள். உங்கள் வருமானம் வரம்புக்கு மேலே போய்விட்டதம்மா, சலுகை கிடையாது என்று மரியாதையாகத்தான் சொன்னாள். மாமியார் சிரித்தார். ஆள் மாறாட்டமாக இருக்கும், நன்றாகப் பார் என்றார். அவள் பார்த்தாள். பெயர் சரி, பிறந்த தேதி சரி, வீட்டு முகவரி சரி. தொழில் என்ற இடத்தில் 'நோயாளி நல ஆலோசகர்' என்று இருந்தது. வேலை கொடுத்தவர் பெயருக்கு எதிரே மாப்பிள்ளையின் மருத்துவமனை.

நடந்தது இதுதான். மூன்று வருடங்களாக டாக்டர் தன் வருமானத்தில் ஒரு துண்டை மாமியாருக்குச் சம்பளம் என்று கணக்கில் காட்டிவந்தார். தன் கையில் இருந்தால் அந்தத் துண்டுக்கு உச்சபட்ச வரி. மாமியார் கைக்கு மாறினால் ஏதோ பேருக்கு ஒரு வரி. பணம் அவர் பெயரில் ஒரு கணக்குக்குப் போகும். கணக்கின் ஏ.டி.எம். அட்டை மகளின் அலமாரியில் இருக்கும். பணம் போன வழியே திரும்பி வரும். வருடத்துக்கு ஒரு தடவை டாக்டர் காகிதங்களை நீட்டி, "இங்க ஒண்ணு அத்தை, இங்க ஒண்ணு" என்பார். மாப்பிள்ளை நீட்டினால் படித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று அத்தையும் போட்டுவிடுவார்.

டாக்டர் கெட்டவர் அல்ல, ஆனால்—

(இந்த வாக்கியத்தை நான்கு தடவை முடித்துப் பார்த்தேன். நான்கு தடவையும் நான் அவரைவிட நல்லவன் என்று முடிந்தது. விட்டுவிடுகிறேன்.)

டாக்டர் வாசலில் கையேந்தி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதில்லை. காசில்லாத பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல் பார்த்தார். மாமியாரின் கண் அறுவைக்கு, மகள் கேட்பதற்கு முன்பே பணம் கட்டியவர். வரி கட்டுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தானாகக் கொடுத்தால் கொடை, கேட்டு வாங்கினால் கொள்ளை என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது. அப்படி நினைக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களில் பாதிப்பேர் நல்லவர்கள் என்பதுதான் சிக்கல்.

4

மறுநாள் காலை மருத்துவமனை திறக்கும்போதே மாமியார் வாசலில் நின்றார். அலுவலகத்துக்குப் போகும் காலத்தில் கட்டிய கஞ்சி போட்ட புடவை, கைக்கடிகாரம், தோளில் பை. டாக்டர் காரிலிருந்து இறங்கினார். யாருக்கோ பல் வலி என்று நினைத்து, என்ன அத்தை என்று பதறினார்.

"வேலைக்கு வந்திருக்கேன் மாப்பிள்ளை," என்றார் அவர். "மூணு வருஷமா சம்பளம் வாங்கறேனாமே. எங்க உக்காரணும்னு சொல்லுங்க."

டாக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. வரவேற்பு மேசைப் பெண்ணும், இரண்டு நோயாளிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அசடு வழிந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாம் விளக்குகிறேன் என்றார். மாமியாரோ விளக்கம் கேட்க வரவில்லை. நாற்காலி கேட்டு வந்திருந்தார்.

டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிட்டருக்குப் போன் போட்டார். ஆடிட்டர் எள்ளும் கொள்ளுமாக வெடிப்பார் என்று எதிர்பார்த்தார். ஆடிட்டரோ குதூகலித்தார். வேலை செய்யாதவருக்குச் சம்பளம் காட்டினால்தான் தப்பு, வேலை செய்தால் அது சம்பளமேதான், இத்தனை நாள் எனக்கு உறுத்திக்கொண்டிருந்த ஒரே விஷயம் இதுதான் டாக்டர், தயவுசெய்து அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்றார்.

நாற்காலி போடப்பட்டது. மாமியார் கேட்டதற்காக, புடவையில் குத்திக்கொள்கிற ஒரு பெயர்ப்பட்டையும் அடித்துக் கொடுத்தார்கள்.

(இங்கே எனக்கு இந்த அம்மாள்மேல் சந்தேகம் வருகிறது. கதையில் ஒரு நேர்மையான மூத்த பெண்மணி நுழைந்தாலே வாசகர்கள் உஷாராகிவிடுவார்கள். ஆசிரியர் தன் கருத்தைப் புடவை கட்டி அனுப்பியிருக்கிறார் என்று. எனவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு அந்தப் பெயர்ப்பட்டை ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம், என்னை வற்புறுத்திக் கூப்பிட்டார்கள் என்று அளந்தார். மூன்று வருடச் சம்பளம் மொத்தம் எவ்வளவு என்று மகளிடம் கேட்டு, கேட்டதும் வாய் பிளந்தார். அந்தப் பணம் உண்மையிலேயே தன்னுடையதாக இருந்தால் என்னென்ன வாங்கலாம் என்று ஒரு ராத்திரி தூங்காமல் யோசித்தும் பார்த்தார். வாஷிங் மெஷின் வரைக்கும் போனது.)

5

அதற்குள் எனக்கு மறுபடியும் பல் டாக்டரிடம் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. வேர் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. நீண்ட கதை போல அதையும் பகுதி பகுதியாகத்தான் செய்கிறார்கள்.

ஊசி போடுவதற்கு முன்பே முந்திக்கொண்டு சொன்னேன்: உங்களை மாதிரி ஒருவரை வைத்துக் கதை எழுதுகிறேன், மாமியார் பெயரில் சம்பளம் காட்டுகிறார், நம்பும்படியாக இருக்கிறதா? நிஜ டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"மாமியார் பேர்ல யாராவது போடுவாங்களா சார்? அவங்க கேள்வி கேப்பாங்க. சித்தப்பா பேர்ல போடணும்."

சொன்ன கையோடு அவசரமாக ஊசியைப் போட்டார். எனக்குக் கன்னம் மரத்துவிட்டது. அன்று பில்லில் அவராகவே ஒரு சிறு தள்ளுபடி கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். நியாயமான பங்கு என்று மேடைக்கு மேடை பேசுகிறவன் அந்தத் தள்ளுபடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

திரும்பி வரும்போதுதான் என் மறந்துபோன பதில் ஞாபகம் வந்தது. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. அவருடைய வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு வரி பிடித்தம் போகத்தான் சம்பளம் வருகிறது. அந்தப் பணத்தை அவள் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. பார்க்காததைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பவும் முடியாது. டாக்டருக்கு முதலில் பணம் வருகிறது. பிறகு அவரும் ஆடிட்டரும் காபி குடித்தபடி அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசுகிறார்கள். இது செலவு, இது தேய்மானம், இது மாமியார். பெயர் வைக்கும் சடங்கு முடிந்து மிச்சம் இருப்பதற்குத்தான் வரி. அதுவும் பெரிய தொகைதான். அவர் கட்டுகிற வரியில் என் தெரு முழுக்க விளக்கு எரிகிறது என்றால், என் வரியில் ஒரு பல்பு எரிந்தால் அதிகம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு கட்டினார் என்று மட்டும் கேட்டால் அவர்தான் வள்ளல். எவ்வளவில் எவ்வளவு என்று கேட்டால் அந்த மேசைப் பெண் அவரை முந்திவிடுகிற வருடங்களும் உண்டு.

(இது கட்டுரை. கதைக்குள் மூக்கை நுழைத்துவிட்டது. விரட்டப் பார்த்தேன், போகவில்லை.)

6

மாமியார் வேலை செய்தார். அதுதான் டாக்டருக்குத் தலைவலியானது.

நோயாளி நல ஆலோசகர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யோசித்துவைக்கவில்லை. ஆடிட்டர் வாயில் வந்த ஒரு பெயர் அது. எனவே மாமியார் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். மின்வாரியக் கவுண்டரில் வரிசை என்றால் வரிசை. இங்கேயும் முன்னால் வந்தவரை முன்னால் அனுப்பினார். டாக்டரின் நண்பர் ஒருவர், பெரிய கட்டடக் காண்ட்ராக்டர், வழக்கம்போல நேராக உள்ளே நுழையப் பார்த்தபோது, உட்காருங்கள், ஏழு பேருக்குப் பிறகு நீங்கள் என்றார். இரண்டாவது, அங்கே பில் தொகையைச் சொல்லிவிட்டுத்தான் பணம் வாங்குவார்கள். இங்கேயும் ஒவ்வொருவரிடமும் உள்ளே போவதற்கு முன்னால் தோராயமாக எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிட்டார். சிலர் எழுந்து போனார்கள். சிலர் அடுத்த மாதம் வருகிறேன் என்றார்கள். இரண்டு பல்லுக்குப் பதில் ஒன்று போதும் என்று ஒருவர் டாக்டரிடமே பேரம் பேசினார்.

அந்த மாத வசூல் இறங்கியது. டாக்டர் கையைப் பிசைந்தார். வருமானம் குறைந்தால் வரியும் குறையும் டாக்டர், இதைவிட நல்ல வரிச் சேமிப்பு எனக்கே தெரியாது என்று ஆடிட்டர் ஆறுதல் சொன்னார். டாக்டர் போனை வைத்துவிட்டார்.

ஆனாலும் அவரால் மாமியாரிடம் போய்விடுங்கள் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் மூன்று வருடக் கதை அம்பலமாகும். சொல்லாவிட்டால் தினமும் காலையில் அந்தக் கைக்கடிகாரம். வீட்டில் மனைவி, எல்லாரும் செய்றதுதானேம்மா, நீ ஏன் இதைப் பெரிசு பண்றே என்று தாயிடம் கேட்டுப் பார்த்தாள். மாமியார் அலமாரியிலிருந்து கணக்கு அட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த மாதச் சம்பளத்தை அவரே எடுத்தார். வேலை செய்த மாதத்தின் சம்பளம், திரும்பி வராது என்று மாப்பிள்ளையிடமே சொல்லிவிட்டார். டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது: உண்மையாகக் கொடுத்தால் பணம் உண்மையாகவே போய்விடும்.

7

வருடாந்தரக் கணக்கைச் சமர்ப்பிக்கிற கெடு வந்தது. ஆடிட்டர் இரண்டு தாள்கள் தயார் செய்துவைத்தார். முதல் தாள், எப்போதும் போல: இந்த வருடம் முழுக்க மாமியார் வேலை பார்த்தார், சம்பளம் வாங்கினார். அவர் வேலைக்கு வந்தது கடைசி மாதம் மட்டும்தான் என்பது தாளுக்குத் தெரியாது. டாக்டர் அதை மட்டும்தான் கேட்டிருந்தார். இரண்டாவது, திருத்தத் தாள்: இந்த ஒரு மாதம் தவிர மற்றதெல்லாம், போன வருடங்கள் உட்பட, டாக்டரின் வருமானமே, அதற்கான வரியையும் அபராதத்தையும் கட்டுகிறேன். இதை மாமியார் ஆடிட்டருக்கு நேரடியாகப் போன் போட்டுத் தயார் செய்யச் சொல்லியிருந்தார். இரண்டு தாளிலும் இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும்.

திருத்தினால் எவ்வளவு ஆகும் என்று டாக்டர் அதுவரைக்கும் கேட்டதே இல்லை. கேட்கப் பயந்தார். மருத்துவமனையே முழுகிப்போகும் என்பதுபோல ஒரு பூதத்தை மனதில் வளர்த்துவைத்திருந்தார். ஆடிட்டர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் பக்கம் நகர்த்தினார். டாக்டர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். அபராதத்தோடு சேர்த்தா என்று கேட்டார். ஆமாம், எல்லாம் சேர்த்துத்தான் என்றார் ஆடிட்டர்.

புதிதாகத் திறக்கப்போகிற கிளையின் வரவேற்பறைக்கு அவர் ஆர்டர் கொடுத்திருந்த மீன் தொட்டியின் விலைதான் அது. மீன் இல்லாமல்.

டாக்டருக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. பெரிய தொகையாக இருந்திருந்தால், வேறு வழியில்லாமல் செய்தேன் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டிருக்கலாம். இந்தத் தொகை அவர் கணக்கில் இருந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக, ஊரில் ஒரு மூலை விடாமல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த மனுஷியை இத்தனை நாளாகப் பாஸ் இல்லாமல் நடக்கவிட்டிருக்கிறார். அதை அவர் அப்போதுதான் முழுசாகப் பார்த்தார், பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

8

முடிவுகள்.

முடிவு ஒன்று: மாமியார் பொங்கி எழுகிறார். முதல் தாளைக் கிழித்து எறிகிறார். டாக்டர் திருந்துகிறார். (எனக்குப் பிடித்த முடிவு, அதனாலேயே நம்ப முடியவில்லை. மாப்பிள்ளை முன்னால் காகிதம் கிழிக்கிற அம்மாள் இல்லை இவர்.)

முடிவு இரண்டு: குடும்ப மானத்துக்காக மாமியார் கண்ணை மூடிக்கொண்டு முதல் தாளில் போடுகிறார். டாக்டர் அவருக்கு வாஷிங் மெஷின் வாங்கித் தருகிறார். (நடக்கக்கூடியது. நடக்கிறது. எழுதக் கை வரவில்லை.)

முடிவு மூன்று: வருமான வரி அதிகாரி ஒருவர் திடீரென்று கதவைத் திறந்துகொண்டு—

(இல்லை. இந்தக் கதையில் யாரையும் யாரும் பிடிக்கப்போவதில்லை. ஆடிட்டரே சொன்னார்: யாரும் பார்க்கவில்லை, இனி பார்க்கவும் மாட்டார்கள்.)

எனவே என்ன நடந்ததோ அதை மட்டும் சொல்கிறேன்.

டாக்டர் இரண்டு வார்த்தைகளை எதிர்பார்த்திருந்தார். ஒன்று, மாட்டேன். அப்படிச் சொன்னால், மாமியாரால் வந்த வினை என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டு திருத்தத் தாளில் போட்டுவிடலாம். இல்லையென்றால், சரி. அப்படிச் சொன்னால் அத்தையே ஒப்புக்கொண்டார் என்று பழைய தாளில் போட்டுவிடலாம். எதுவானாலும் முடிவு அவருடையதாக இருக்காது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாள்களையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் எங்கேயும் பார்க்கவில்லை. படித்து முடித்ததும் மாமியார் தாள்களை நேராக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாப்பிள்ளை பக்கமாகத் திருப்பினார்.

"மூணு வருஷம் படிக்காமப் போட்டேன் மாப்பிள்ளை, அது என் தப்பு. இப்பப் படிச்சுட்டேன். ரெண்டும் எனக்குப் புரியுது," என்றார். கோபம் இல்லாத குரல்தான். "நீங்க எதுல போடறீங்களோ, அதுலயே நானும் போடறேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அத்தை விளையாடவில்லை. பழைய தாளில் போட்டால் அந்தப் பொய்யில் அவரும் தெரிந்தே பங்கு வாங்கிக்கொள்வார். இனிமேல் அவர் ஏமாந்தவர் இல்லை, கூட்டாளி. அந்தப் பங்கை அவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது இப்போது டாக்டரின் கையில் இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

இதற்குமேல் எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எழுதுகிறவனுக்குத் தெரியாமல் எப்படிப் போகும்? ஆனால் நான் எந்தத் தாளில் போடவைத்தாலும் அது நான் போட்ட கையெழுத்துதான். பில்லில் தள்ளுபடி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டவனின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? நீங்களே போட்டுவிடுங்கள். உங்களுக்கும் ஒரு மாமியாரோ சித்தப்பாவோ இருப்பார்கள். அல்லது நீங்களே யாருக்காவது சித்தப்பாவாக இருப்பீர்கள். தாள்கள் இரண்டும் உங்கள் பக்கமாகத்தான் திருப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. அவசரம் இல்லை, அந்த அம்மாள் காத்திருப்பார். எதில் போட்டாலும், அவர் போடுவதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுப் போடுங்கள்.